கிரேடு 2 விக்டோரியன் வீடு: பின்முற்றத்து லாயத்தில் கை வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கென்ட் பக்கம் 1868-இல் கட்டிய ஒரு செங்கல் வீட்டை வாங்கும் யோசனை. இங்கிலாந்தில் சட்டம் பாதுகாக்கும் பழங்கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 வகுப்பில் உள்ள வீடு. பின்முற்றத்தில் குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, துணி துவைக்கும் கட்டடம் என்று மூன்று நிற்கின்றன. பட்டியலில் வீட்டின் பெயரும் முகப்பைப் பற்றி ஐந்தாறு வரியும் மட்டுமே இருப்பதால், பின்னால் உள்ளவற்றை இடிக்கவோ வாடகைக்கு மாற்றிக் கட்டவோ யாரையும் கேட்க வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். அது சரியா, வாங்கும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். சட்டத்தின் கை எதுவரை நீளும், பணம் எந்த ஓட்டை வழியாகப் போகும் என்ற இரண்டும்தான் உண்மையில் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஏஜென்ட் சொன்னது பெரும்பாலும் தவறு. பட்டியலில் உள்ள வரிகள் எந்தக் கட்டடம் என்று அடையாளம் காட்டத்தான். பழைய பதிவுகளில் அவை எல்லைக்கோடு அல்ல. 1990-ஆம் ஆண்டுப் பட்டியல் கட்டடச் சட்டப்படி, வீட்டோடு ஒட்டியிருப்பதும், வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிலத்தோடு சேர்ந்து நிற்பதும் பட்டியல் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். அந்த வளாகத்தைத்தான் அங்கே 'கர்ட்டிலேஜ்' என்பார்கள். உங்கள் லாயம் வீட்டோடு சேர்ந்து கட்டியது என்றால் தேதிக் கணக்கில் சந்தேகமே இல்லை. இன்னொரு தப்பெண்ணமும் உண்டு: கிரேடு 2 என்றால் முகப்புக்கு மட்டும் பாதுகாப்பு, உள்ளே இஷ்டப்படி செய்யலாம் என்பது. கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2 மூன்றுக்கும் அனுமதிச் சட்டம் ஒன்றேதான். இங்கிலாந்தின் பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடு 2 என்பதால் அது ஏதோ இளப்பமான வகுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் மாடிப்படி, கூரைப் பூச்சு, கணப்பு, வேலைக்காரர் அறைக் கதவு எல்லாம் கணக்கில் வரும்.

சந்தேகத்துக்கு இடம் எங்கே என்றால், அந்தக் கட்டடங்கள் சட்டப்படி 'வளாகத்துக்குள்' வருகின்றனவா என்பதில். நீதிமன்றங்கள் மூன்று விஷயத்தைப் பார்க்கின்றன: வீட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையிலான அமைப்பு, அன்றும் இன்றும் சொந்தக்காரர் யார், அன்றும் இன்றும் என்ன பயன்பாடு. இதில் வீட்டைப் பட்டியலில் சேர்த்த நாளில் நிலைமை என்ன என்பதற்கு எடை அதிகம். அன்றைக்கு லாயம் வீட்டுக்காரர் கையில், வீட்டுக்குத் துணையாக இருந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அதற்கு முன்பே தனியாக விற்று, நடுவில் சுவர் எழுப்பி, ஒரு மெக்கானிக் ஷெட்டாக ஓடிக்கொண்டிருந்தது என்றால் வாதத்துக்கு இடம் உண்டு. அதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. பத்திரங்களை வைத்து உள்ளூர் கவுன்சிலில் பழங்கட்டடங்களைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசர் ஒரு கருத்துச் சொல்வார், அதற்கு மேல் நீதிமன்றம். இன்னொன்று: 2013 ஜூன் 26-க்குப் பின் எழுதிய பதிவுகளில் 'இந்தக் கொட்டகை சேராது' என்று வெளிப்படையாக விலக்கும் வசதி வந்தது. உங்கள் வீட்டுப் பதிவின் தேதியை முதலில் பாருங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸுக்கு இப்போது தனிச் சட்டம். ஸ்காட்லாந்தில் ஏ, பி, சி என்று வகுப்பே வேறு.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில்லாமல் பட்டியல் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம். தெரியாமல் செய்தேன் என்பது செல்லாது. வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமானது ஒன்று: முந்தைய சொந்தக்காரர் செய்த திருட்டு வேலைக்கு உங்களை ஜெயிலில் போட மாட்டார்கள், ஆனால் அதைத் திருத்தச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும். அதற்குக் காலக்கெடு கிடையாது. 1985-இல் லாயத்துச் சுவரை உடைத்து கராஜ் ஷட்டர் போட்டிருந்தாலும் இன்றைக்குக் கேட்கலாம். ஆகவே வக்கீலிடம் சொல்லி, இதுவரை நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் கேளுங்கள். 'இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துத் தருகிறோம்' என்று விற்பவர் தரப்பு சொல்லும். அந்தக் காப்பீடு பண நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுகட்டலாம். அனுமதியைக் கொண்டுவந்து தராது. அந்த பாலிசி கையில் இருக்கும்போது நீங்களே கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரித்தால் பாலிசியே செல்லாமல் போகலாம் என்பதால், எதை முதலில் செய்வது என்று வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள். அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவுக்கு எட்டு வாரம் என்பது கணக்கு, நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.

சட்டத்தை இத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் போவோம். 1868 என்ற ஆண்டே நிறையச் சொல்கிறது. இங்கிலாந்தில் கண்ணாடி வரி 1845-இலும், செங்கல் வரி 1850-இலும், ஜன்னல் வரி 1851-இலும் ஒழிந்தன. ரயில் வந்ததால் வேல்ஸ் மலையிலிருந்து ஸ்லேட் கல் தென்கிழக்கு மூலை வரை மலிவாக வந்து இறங்கியது. பெரிய கண்ணாடி, பிதுங்கி நிற்கும் ஜன்னல் மாடம், சிவப்புச் சுவரில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட செங்கல், சாம்பல்நீலக் கூரை என்று அந்தக் காலத்து வீட்டின் முகத்தை உண்டாக்கியதில் பாதி இந்த நான்கும்தான். கட்டடக் கலைஞரின் ரசனைக்கு மீதிப் பாதி.

ஜன்னலில் நின்று நிதானமாகப் பாருங்கள். மேலும் கீழும் நழுவும் சாஷ் ஜன்னலாகத்தான் இருக்கும். மேல் சட்டத்தின் கீழ் மூலைகளில் கொம்பு போல ஒரு நீட்டம் இருக்கிறதா? 1840-களுக்குப் பின் கண்ணாடி பெரிதாகி, நடுக்கம்பிகள் குறைந்து, சட்டத்தின் மூட்டுக்குப் பாரம் கூடியபோது அதைத் தாங்க வந்தது அந்தக் கொம்பு. சாய்வாக நின்று கண்ணாடியில் எதிர்ப்புறத்து மரத்தின் பிம்பத்தைப் பாருங்கள். தலையை அசைக்கும்போது பிம்பம் நெளிந்தால் பழைய கண்ணாடி, அப்படியே உறைந்து நின்றால் பின்னால் மாற்றியது. பக்கச் சட்டத்தின் அடியில் ஒரு சிறு மரத்துண்டு கழற்றும்படி இருக்கும். அதற்குள் வார்ப்பிரும்பு எடைக்கட்டைகள் கயிற்றில் தொங்கும். மேல் சட்டத்துக்கான இரண்டு எடையும் சேர்ந்து சட்டத்தைவிடச் சற்றே கனமாகவும், கீழ் சட்டத்துக்கானவை சற்றே லேசாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மேல் சட்டம் ஏறி நிற்கும், கீழ் சட்டம் இறங்கி உட்காரும். இரட்டைக் கண்ணாடி போட்டால் இந்தக் கணக்கு உடைந்து, ஈய எடைக்கு மாற வேண்டி வரும். கவுன்சில் அதை ஒப்புவதும் நிச்சயமில்லை. கயிறு அறுந்தது, பெயின்ட் ஒட்டித் திறக்காதது, கீழ்ச்சட்டமும் படிமரமும் உளுத்தது: சாஷ் ஜன்னலின் வியாதிகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். மூன்றும் தச்சர் சரிசெய்யக்கூடியவை. ஜன்னலையே மாற்றச் சொல்லும் எஸ்டிமேட் வந்தால் இன்னொருவரைக் கேளுங்கள்.

சுவருக்கு வருவோம். அந்தக் காலத்து வீட்டுச் சுவர் பெரும்பாலும் நடுவே வெற்றிடம் இல்லாத கெட்டிச் சுவர். ஒன்பது அங்குலம் அல்லது பதின்மூன்றரை அங்குலம். முகப்பில் ஒரே வரிசையில் செங்கல்லின் நீளப்பக்கமும் குட்டைப்பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் அது பிளெமிஷ் கட்டு. அந்தக் குட்டைப்பக்கம் தெரியும் கற்கள்தான் சுவரின் இரு முகத்தையும் பிணைக்கின்றன. கல்லை இணைப்பது சுண்ணாம்புக் கலவை. மழையில் சுவர் நனையும். வெயிலிலும் காற்றிலும் அந்தச் சுண்ணாம்பு இணைப்பு வழியாகவே ஈரம் வெளியேறும். பின்னால் வந்த ஒருவர் அதைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பாயிண்டிங் போட்டால் வெளியேறும் வழி அடைபட்டு, ஈரம் செங்கல் வழியாகப் போகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் அப்பளம் போல உரிந்து விழும். இணைப்பு மட்டும் கட்டைபோல் துருத்திக்கொண்டு கல் உள்வாங்கியிருக்கும் சுவரைப் பார்த்தால் நடந்தது இதுதான்.

திருத்தும் முறை: பழைய இணைப்பைக் கையால், உளியும் சிறு சுத்தியும் கொண்டு, இணைப்பு அகலத்தின் இரண்டு மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும், மெல்லிய இணைப்பானாலும் 20-25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அறுக்கும் மெஷின் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைத் தட்டி, நன்றாக நனைத்து, ஒரு பங்கு இயற்கை நீர்ச்சுண்ணாம்புக்கு (தண்ணீர் பட்டு இறுகும் வகை) மூன்று பங்கு கூர்மணல் என்ற அளவில் கலந்து, அழுத்தி நிரப்ப வேண்டும். மிருதுவான செங்கல்லுக்கு 2-ஆம் எண் சுண்ணாம்பு, மழைக்காற்று நேரே மோதும் பக்கத்துக்கு 3.5 என்பது பொதுவழக்கம். பழைய கலவையைப் பகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது உத்தமம். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் தொடக் கூடாது. முடித்ததும் ஈரச் சாக்கு போர்த்தி மெதுவாகக் காய விட வேண்டும். நம் ஊர்ச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதைக் கேள்விப்பட்டு அங்கேயும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், அந்தச் சுவருக்கு அந்தச் சுவரின் கலவையே சரி. ஒரு எச்சரிக்கை: சிமென்ட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொத்திவிடாதீர்கள். ரோமன் சிமென்ட் 1796-இலும் போர்ட்லேண்ட் சிமென்ட் 1824-இலும் காப்புரிமை பெற்றவை. 1868-இல் கட்டியவரே ஜன்னல் ஓரத்துப் பூவேலைக்கு அதைப் பயன்படுத்தியிருக்கலாம். அப்படியானால் அதுவும் வரலாற்றின் பகுதிதான்.

கீழ்ச்சுவரில் ஓதம் தெரிந்தால், ஊசிமுனை மீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு 'ஓதம் ஏறுகிறது, கெமிக்கல் ஏற்ற வேண்டும்' என்று ஒரு கம்பெனி ஆள் சொல்வார். அந்த மீட்டர் மின்கடத்தலை அளக்கிறது. பழைய சுவரில் உப்பு இருந்தாலும் ஈரம் என்றே காட்டும். ஓதம் தடுக்கும் அடுக்கு 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகுதான் பரவலானது, ஆகவே உங்கள் வீட்டில் அது இல்லாமலே இருக்கலாம். இல்லாமலே நூற்றைம்பது ஆண்டு நின்றிருக்கிறது என்பதையும் பாருங்கள். முதலில் தேட வேண்டியவை வேறு: மழைநீர்க் குழாயின் பின்புறம் வெடித்திருக்கிறதா, தோட்ட மண்ணும் தளக்கல்லும் ஏறி ஏறி உள்தரை மட்டத்தைத் தொட்டுவிட்டனவா, சுவரடியில் உள்ள காற்றுத்துளைக் கற்கள் அடைபட்டிருக்கின்றனவா. வெளித்தரை உள்தரையைவிட 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். காற்றுத்துளை அடைபட்டால் மரத்தளத்தின் அடியில் காற்று நின்று, சுவருக்குள் செருகிய உத்திர நுனிகள் முதலில் உளுக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கதவு திறந்தாயிற்று. வார்ப்பிரும்புக் குழாயின் முன்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் பிரஷ் போகாது, அங்கேதான் துருப்பிடித்துப் பிளக்கும். ஒரு சிறு கண்ணாடியை நீட்டிப் பின்புறத்தைப் பாருங்கள்.

கூரை ஸ்லேட்டின் அளவுகளுக்கு அந்தக் காலத்தில் சீமாட்டிகளின் பட்டம் வைத்திருந்தார்கள்: 24-க்கு 12 அங்குலம் டச்சஸ், 20-க்கு 10 கவுண்டஸ், 16-க்கு 8 லேடி. கல் எளிதில் சாகாது, ஆணிதான் சாகும். துருத் தின்று ஆணித்தலை போனதும் கல் நழுவும். ஆங்காங்கே நாலைந்து நழுவியிருந்தால் ஈயப் பட்டியால் பிடித்து வைக்கலாம். ஒரு சரிவு முழுக்கப் பரவலாக நழுவினால் அந்தச் சரிவையே பிரித்து, நல்ல கல்லை மீண்டும் போட்டு, செப்பாணி அடிக்க வேண்டும். கழற்றிய கல்லை விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சட்டிபோல் மந்தமாகக் கேட்டால் ஒதுக்குங்கள். இரு சரிவு சேரும் பள்ளத்தில் ஈயத் தகடு இருக்கும். மிக நீளமான ஒரே துண்டாகப் போட்டிருந்தால் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிக் குறுக்கே கீறிவிடும். தகட்டின் கனத்தைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்கு ஒரு மடிப்பு வேண்டும். பரணுக்குள் கூரையின் அடியில் நுரை ஸ்பிரே அடித்திருந்தால் அங்கேயே பேரத்தை நிறுத்தி யோசியுங்கள். மரத்தின் நிலை தெரியாது, காற்றும் போகாது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் அதைக் கண்டால் பின்வாங்குகின்றன.

உள்ளே முன்கட்டும் பின்கட்டும் இரண்டு உலகம். முன்கூடத்தில் மின்டன், மா (Maw) போன்ற ஓட்டுக் கம்பெனிகளின் நிறம் பதித்த ஓடுகள். சமையற்கட்டில் சாதாரணச் சிவப்பு ஓடு. பல வீடுகளில் ஒரே கதவின் கூடத்துப் பக்கம் வேலைப்பாட்டோடும், வேலைக்காரர் நடைப் பக்கம் மொட்டையாகவும் இருக்கும். மணியடிக்கும் கம்பிகளும், சுவருக்குள் திரும்பும் சிறு முட்டிகளும், சமையற்கட்டு மேல் வரிசையாக மணிகளும் மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். வாங்குகிறவர்கள் முன்கூடத்தைப் பொத்திப் பாதுகாத்துவிட்டு, பின்படிக்கட்டையும் சாமான் அறையையும் உடைத்து ஒரே பெரிய சமையலறையாக்கக் கேட்பார்கள். கன்சர்வேஷன் ஆபீசர் எதிர்ப்பது பெரும்பாலும் அங்கேதான். வீடு எப்படி ஓடியது என்பதற்கான சாட்சி அந்தக் குறுகிய பின்படிக்கட்டு.

அதே காரணத்தால்தான் பின்முற்றத்துக்கு மதிப்பு. முன்வீட்டுக்கு ஒவ்வொரு தலைமுறையும் புதுக் குளியலறை, புதுச் சமையலறை போட்டிருக்கும். லாயத்தில் யாரும் செலவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அதனால் கட்டியபோது இருந்த பொருள்கள் அங்கேதான் அதிகம் தப்பிப் பிழைத்திருக்கும். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் உள்ள டின்டஸ்ஃபீல்டு மாளிகையை 2002-இல் பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வாங்கியபோது, பண்ணைக் கட்டடம், மரம் அறுக்கும் ஆலை, சமையல் தோட்டம் என்று மாளிகையை ஓட்டியவை அத்தனையும் சேர்ந்தே வந்தன. அந்த இடத்தின் அருமையில் பெரும்பங்கு அதுதான். பெக்ஸ்லிஹீத்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸுக்காகக் கட்டடக் கலைஞர் பிலிப் வெப் 1859-60-இல் கட்டிய ரெட் ஹவுஸை எடுத்துக்கொண்டால், பின்பக்கத்துக் கிணறும் அதன் கூம்புக் கூரையும் இல்லாத படத்தை யாரும் போடுவதில்லை.

லாயத்துக்குள் போனால் முதலில் தரையைப் பாருங்கள். ஸ்டாஃபர்டுஷையர் நீலச் செங்கல், மேலே சாக்லேட் கட்டி போலக் கட்டம் கட்டமாகக் கோடு. குளம்பு வழுக்காமல் இருக்கவும் மூத்திரம் வழிந்தோடவும் செய்த ஏற்பாடு. தரை முழுக்க ஒரு வாய்க்காலை நோக்கி மெல்லச் சரியும். குதிரையைக் கட்டும் தடுப்பு ஒவ்வொன்றும் சுமார் ஆறடி அகலம். அவிழ்த்து விடும் அறை பத்து, பன்னிரண்டு அடிச் சதுரம். தடுப்புத் தூண்களிலும் தீவனத் தொட்டியிலும் பெயர் வார்த்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெல்ஃபாஸ்டின் மஸ்கிரேவ், லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் இரும்பாலை போன்ற கம்பெனிகளின் பெயர் இருந்தால் கட்டடத்தின் மதிப்புக் கூடும், கழற்ற அனுமதி கிடைப்பது குறையும். மேலே வைக்கோல் பரண், தரையில் ஒரு துளை, அதன் வழியாகத் தீவனம் நேரே தொட்டிக்கு விழும். உள்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் ஜன்னலும் கூரை முகட்டில் காற்றுக்கூண்டும் குதிரையின் மேல் காற்று நேரடியாக அடிக்காமல் நாற்றத்தை மட்டும் வெளியேற்றும்.

லாயத்துக்கும் வண்டிக் கொட்டகைக்கும் இடையே நேர்க்கதவு இருக்காது. இருந்தால் பின்னால் உடைத்த வழியா என்று சந்தேகப்படுங்கள். குதிரை மூத்திரத்து அமோனியா வண்டியின் வார்னிஷைக் கெடுக்கும் என்று அந்தக் காலத்தவருக்குத் தெரியும். அதனால் நடுவில் சேணம் வைக்கும் அறையை வைத்தார்கள். அந்த அறையில் மட்டும் ஒரு கணப்பும் புகைபோக்கியும் இருக்கும், தோல் பூசணம் பிடிக்காமல் இருக்க. வெளியே நின்று புகைபோக்கியைக் கண்டாலே உள்ளே எது எந்த அறை என்று சொல்லிவிடலாம்.

மாற்றிக் கட்டுகிறவர்கள் ஏமாறும் இடம் லாயத்துச் சுவர். பல பத்தாண்டு மூத்திரம் ஊறி, செங்கல் முழுக்க நைட்ரேட் உப்பு. நம் பக்கத்தில் வெடியுப்பு என்போமே, அந்த இனம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கூரை ஒழுகாவிட்டாலும் சுவர் வியர்க்கும். அதன் மேல் சாதாரண ஜிப்சம் பூச்சு போட்டால் ஓரிரண்டு குளிர்காலத்தில் உப்பு பூத்துப் பெயர்ந்து விழும். ஓதத் தடுப்பு ஊசி இதற்கு மருந்தல்ல. பழைய பூச்சைக் கழற்றி, தூசியை வெளியே கொண்டுபோய்க் கொட்டி, சுண்ணாம்புப் பூச்சைப் 'பலி கொடுப்பது' போல ஒருமுறை பூசி உப்பை அதில் ஏற விட்டு, அதையும் எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். அல்லது சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டு, காற்றோட்டத்தோடு உள்சுவர் நிறுத்தலாம். உப்பு முழுக்கப் போய்விடும் என்று யாராவது வாக்குறுதி தந்தால் நம்பாதீர்கள், குறையும், அவ்வளவுதான். நீலச் செங்கல் தரையைப் பெயர்க்க அனுமதி கிடைத்தால், எண் போட்டு, படம் எடுத்து, அடியில் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு அதே வரிசையில் பதிப்பது வழக்கம்.

வண்டிக் கொட்டகையின் பிரச்சினை அகன்ற வாசலும் ஆழமில்லாத அஸ்திவாரமும். வாசலுக்கு மேல் ஒற்றை மரம் தாங்கும்; அது நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். அஸ்திவாரம் பெரும்பாலும் சில வரிசைச் செங்கல் விரிவு மட்டும்தான்; மேல்மாடி ஏற்ற நினைத்தால் முதலில் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் ஒரு குழி வெட்டிப் பார்க்க வேண்டும். வைக்கோல் தாங்கிய பரண் மனிதர் குடியிருக்கத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கதவுகளை எடுத்துவிடாமல் திறந்த நிலையில் சுவரோடு நிறுத்தி, உள்ளே தள்ளிக் கண்ணாடி போட்டால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

துவைக்கும் கட்டடத்தில் மூலையில் செங்கல் மேடை, நடுவில் செப்புக் கொப்பரை பதித்த குழி, அடியில் அடுப்பு வாய். வெள்ளாவி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கொப்பரையை எப்போதோ பழைய செம்புக்கு விற்றிருப்பார்கள். மேடை இருந்தாலே போற்றத்தக்கது. சோப்பு நன்றாக நுரைக்க மென்னீர் வேண்டும் என்பதால் கூரைத் தண்ணீரை முற்றத்தின் அடியில் தொட்டி கட்டிச் சேமித்தார்கள். அந்தத் தொட்டிகள் பலவும் இன்னும் அங்கேயே, ஒரு கல் பலகை மூடிய நிலையில், யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன. கான்கிரீட் லாரியை முற்றத்துக்குள் விடும் முன் பழைய கைப்பம்பு இருந்த இடத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். சாக்கடைக் குழாய் மண்குழாயாக இருக்கும், மூட்டில் மரவேர் நுழைந்திருக்கும். கேமரா விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மற்றவற்றை நினைத்தால் சில்லறை.

குடியிருப்பாக மாற்ற, பட்டியல் கட்டட அனுமதி வேறு, திட்ட அனுமதி வேறு, கட்டட விதி ஒப்புதல் வேறு, மூன்றும் வேண்டியிருக்கும். சாதாரண வீட்டுக்காரர் தோட்டத்தில் அனுமதியின்றி ஷெட் கட்டும் சலுகை பட்டியல் வீட்டின் வளாகத்தில் இல்லை. லாயப் பரணில் வௌவால் இருந்தால், அங்கே எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாயங்கால, விடியற்காலக் கணக்கெடுப்பு மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும் என்பதால், அக்டோபரில் வாங்கினால் அடுத்த கோடை வரை காத்திருக்க நேரலாம். பட்ஜெட்டில் 20 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு) வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த வரிவிலக்கு 2012 அக்டோபரில் எடுபட்டுவிட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த குடியிருப்பு என்றால் 5 சதவீதம் பொருந்தலாம், கணக்காளரைக் கேளுங்கள். லாயம் குடியிருப்பாக இருந்ததா என்பதே அதில் முதல் கேள்வியாக வரும்.

வாங்கும் முன் செய்யக்கூடிய மலிவான வேலை ஒன்று உண்டு. பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடம், மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில், ஒவ்வொரு கொட்டகையையும் கண்ணாடிக் கூண்டையும் பம்பையும் காட்டும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பதிப்பையும் அதற்கடுத்த பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தக் கட்டடம் எப்போது வந்தது, முற்றத்துச் சுவர் இருந்ததா, லாயத்துக்கு வீட்டிலிருந்து வழி இருந்ததா என்று தெரியும். கர்ட்டிலேஜ் பற்றி உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தாள்களில் இருக்கும். சர்வேயரை எடுக்கும்போது சாதாரண வீட்டு ரிப்போர்ட் போதாது, பழங்கட்டடத்துக்கான அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். மாரிஸும் வெப்பும் சேர்ந்து 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் தொலைபேசியில் இலவசத் தொழில்நுட்ப ஆலோசனை தருகிறது. சுண்ணாம்பா சிமென்ட்டா என்ற தகராறில் அவர்கள் சொல்வதைத் துணிந்து கேட்கலாம். அடுத்த முறை பார்க்கப் போகும்போது நல்ல வெயில் நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மழை பெய்கிற நாளில் போய், பின்முற்றத்தில் குடையோடு அரைமணி நேரம் நின்று, ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள்.